அலரிப் புழுவுக்கு எத்தனை நிறம்?

என் புத்தகத்தில் பாதி பிழை என்று ஒரு கடிதம் வந்தது. அப்போது அது புத்தகமாகக்கூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்த நான், அரளிச் செடியில் வளரும் அந்துப்பூச்சியைப் பற்றிக் குழந்தைகளுக்காக எழுதி, படங்களையும் நானே வரைந்திருந்தேன். முதல் அத்தியாயம் மட்டும் ஒரு சிறுவர் மாத இதழில் வெளியாகி, எப்படியோ கடல் தாண்டிப் போய் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஊர்காவற்றுறைத் தீவில் புளியங்கூடல் என்ற ஊரில் ஒருவர் கையில் விழுந்திருக்கிறது.

அவர் பெயர் தம்பையா. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். நாலே வரி எழுதியிருந்தார். "தாங்கள் வரைந்த பச்சைப் புழு இங்கும் உண்டு. ஆனால் மண்ணிறப் புழு ஒன்றும் உண்டு. அது வேறு இனம். அதைப் பற்றித் தாங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை."

எனக்குக் கோபம் வந்தது. கூடு கட்டப் போகும் நேரத்தில் பச்சைப் புழுவே பழுப்பாக மாறும் என்பது எனக்குத் தெரியும். அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் குழம்பியிருக்கிறார் என்று எட்டுப் பக்கத்துக்குப் பதில் எழுதினேன். மறுபடியும் நாலு வரி வந்தது. கடைசி வரி: "வந்து பார்ப்பது நல்லது."

படங்களுக்கு அச்சுக்கட்டை செய்பவர் ஜூன் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். மே மாதம் முழுவதும் விடுமுறை. புயல் வந்து தனுஷ்கோடியைக் கொண்டுபோவதற்கு முந்தைய ஆண்டு அது, கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. போய்விட்டேன். கப்பலும் ரயிலும் பஸ்ஸும் தத்தம் பங்குக்குக் குலுக்கின என்பதோடு வழிப்பயணத்தை முடித்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சுங்கத்தில் என் வண்ணப் பெட்டியைத் திறந்த அதிகாரி, "இது என்னத்துக்கு?" என்று கேட்டார். புழு வரைவதற்கு என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து, "அங்கத்தைய புழு முடிஞ்சு போச்சுதாம். இஞ்ச வந்திருக்கினம்" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

தம்பையா மெலிந்த உயரமான மனிதர். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. அவர் மனைவி பாக்கியம் அக்கா அவருக்கு நேர்மாறு, குள்ளமும் பருமனுமாக. வாசலில் என் பெட்டியை வாங்கியவர் முதலில் கேட்டது, "பிள்ளை, உதுக்குள்ள மயிர்க்கொட்டி ஏதும் கொண்டந்தனீரோ?" என்பதுதான். மயிர்க்கொட்டி என்றால் நம் கம்பளிப்பூச்சி.

"மயிர்க்கொட்டியெண்டால் மயிர் இருக்கோணும். இதுக்கு மயிரில்லை" என்றார் தம்பையா.

"எனக்கு எல்லாம் மயிர்க்கொட்டிதான். குசினிப் பக்கம் வரப்படாது." புழுவைச் சொன்னாரா, எங்கள் இருவரையும் சொன்னாரா என்று விளங்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். சொதி என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் திருநெல்வேலியில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில்தான் சொதி. கெட்டியாக, காய்கறி நிறையப் போட்டு, வருடத்துக்கு இரண்டு முறை கிடைத்தால் அதிகம். இங்கே தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்டுத் தண்ணீராக, தினமும் வைக்கிறார்கள். "இது சொதியா?" என்று கேட்டுவிட்டேன். பாக்கியம் அக்கா அகப்பையோடு நின்று, "பின்ன என்ன ரசமோ?" என்றார். இரண்டாவது நாளிலிருந்து நான் கேள்வி கேட்காமல் கிண்ணத்தோடு குடித்தேன்.

அந்த வீட்டு வேலியோரம் நெடுக அரளி. அவர்கள் அலரி என்பார்கள். மறுநாள் காலை அதைச் சுற்றி வந்ததில் எனக்கு நம்பிக்கை கூடியது. எல்லாம் என் படத்தில் உள்ளபடியே இருந்தன. தளிர் இலையில் தனித்தனியாகக் கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெளிர்பச்சை முட்டைகள். அன்றைக்குப் பொரித்த குஞ்சுப் புழுக்கள் மஞ்சளாக, உடம்பு நீளத்துக்குக் கறுப்பு வாலூசியைத் தூக்கிக்கொண்டு. வளர்ந்த புழு ஒன்று விரல் கனத்தில், நல்ல பச்சை. விலாவில் வெள்ளைக் கோடு. ஊசி தேய்ந்து மஞ்சள் கொக்கியாகிவிட்டிருந்தது. தொட்டதும் தலையை உள்ளே இழுத்துக் கழுத்தை உப்ப வைத்தது. உடனே இரண்டு நீலக் கண்கள் திறந்தன. அவை கண்களல்ல, தோலில் உள்ள பொட்டுகள். ஆனால் குருவி ஒன்று அதைப் பாம்பென்று நினைத்து விலகினால் அதன் மேல் தப்புச் சொல்ல முடியாது.

"ஐயா, இதில் பழுப்பு எங்கே?" என்றேன், வென்ற குரலில்.

"இதில இல்லை. அலரியில பச்சைதான். மண்ணிறம் பட்டிப்பூவில." பட்டிப்பூ என்றால் நம் நித்தியகல்யாணி. "கரம்பொன் சேமக்காலையில கிடக்கு. நாளைக்குப் போவம்."

சேமக்காலை என்றால் கத்தோலிக்கரின் கல்லறைத் தோட்டம். அரளி தின்னும் புழு நித்தியகல்யாணியையும் தின்னும் என்று எனக்குப் படித்துத் தெரியும். எங்கள் ஊரில் அரளி எங்கும் இருந்ததால் வேறு செடியில் தேடியதே இல்லை.

அன்று மாலை அவர் தன் கட்சியை விரிவாகச் சொன்னார். மலாயாவில் மலையோர ஸ்டேஷன் ஒன்றில் இருந்தபோது இதே சாடையில் ஒரு பூச்சி விளக்கடிக்கு வருமாம். இதைவிட இருட்டான பச்சை, கொஞ்சம் ஊதா. சிறகு நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி. மண்ணிறப் புழு அந்த இனத்தின் பிள்ளை என்பது அவர் முடிவு. அப்படியொரு இரண்டாவது இனம் இருப்பது உண்மைதான். அது என் புத்தகத்தில் இல்லை என்பதும் உண்மை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

கரம்பொன் பக்கம்தான், நடந்தே போகலாம். வெயிலுக்குப் பயந்து பஸ் ஏறினோம். பாதி வழியில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "என்ன அண்ணை?" என்று ஒருவர் கேட்க, "ஒண்டுமில்லை, இனி ஓடாது" என்றார். எங்கள் ஊரில் இதற்கு அரைமணி நேரம் சண்டை நடக்கும். இங்கே எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு இறங்கி நடந்தார்கள். கூடையில் இரண்டு கோழி வைத்திருந்த ஓர் அம்மா மட்டும் கோழிகளைப் பார்த்து, "வாருங்கோ, நடப்பம்" என்றார்.

சேமக்காலை கடலுக்குக் கிட்ட. கல்லறைகளைச் சுற்றி ரோசா நிறமும் வெள்ளையுமாக நித்தியகல்யாணி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஒரு கல்லறையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். பெயர் திரேசம்மா. அது அவர் கணவருடையது, கடலுக்குப் போய் வந்த மனிதர், காய்ச்சலில் போனவராம். நாங்கள் என்ன தேடுகிறோம் என்று தம்பையா சொன்னதும் அவர் வியக்கவில்லை.

"மண்ணிறப் புழுவோ? இதில கிடக்கு, பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். இருந்தது. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பாதி வளர்ந்தது. செம்மண் கலந்த பழுப்பு, அதில் அதே வெள்ளைக் கோடு, அதே கண்பொட்டு. கூடு கட்டப் போகும் புழு இரையை விட்டுவிட்டு அலையும். இது இலையின் ஓரத்தைப் பிடித்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. இன்னொன்று, இன்னொன்று. அந்த ஒரு கல்லறையைச் சுற்றி ஐந்து.

பிழை என்னுடையதுதான். பழுப்பு நிறம் கடைசி நாளில் மட்டுமே வரும் என்று அச்சுக்கு எழுதிவைத்தவள் நான். எட்டுப் பக்கம் வேறு எழுதிப் பாடம் நடத்தியிருந்தேன். தம்பையா வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டி, "வடிவாப் பாருங்கோ ரீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

"எடுத்துக்கொண்டு போகலாமா அம்மா?" என்று திரேசம்மாவிடம் கேட்டேன்.

"புழுவைக் கொண்டு போங்கோ. இலையும் ஆயுங்கோ. பூவில மட்டும் கை வையாதையுங்கோ, நான் அவருக்கெண்டு விட்டிருக்கிறன்." பிறகு யோசித்துச் சொன்னார், "இந்தப் புழுக்குப் பச்சை உடுப்பும் இருக்கு, மண்ணிற உடுப்பும் இருக்கு. ரெண்டையும் கண்டனான்."

தம்பையா தலையை ஆட்டி மறுத்தார். "அது ரெண்டு இனம், அம்மா." திரேசம்மா புல் பிடுங்கப் போய்விட்டார்.

இரண்டு புழுவா, ஒரே புழுவுக்கு இரண்டு சட்டையா? பூச்சியாக வெளியே வந்தால்தான் தெரியும். இரண்டு இனம் என்றால் என் புத்தகத்தைத் திரும்ப எழுத வேண்டும். அதற்குள் அச்சுக்கட்டைக்காரர் வேறு வேலைக்குப் போய்விடுவார், புத்தகமும் போய்விடும். வீட்டு விறாந்தையில் இரண்டு பிஸ்கட் டின் வைத்தோம். ஒன்றில் வேலியிலிருந்து எடுத்த மஞ்சள் குஞ்சுகள் ஆறு. மற்றதில் கரம்பொன் பழுப்புகள் ஐந்து. முதல் டின்னை அலரி ரின் என்றும் இரண்டாவதைச் சேமக்காலை ரின் என்றும் பாக்கியம் அக்கா பெயர் வைத்தார். அந்தப் பெயர்களே நிலைத்தன.

அடுத்த இரண்டு வாரம் இலை பறிப்பதும் எச்சம் கொட்டுவதும் வரைவதும்தான். அரளிப்பால் நஞ்சென்பதால் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால்தான் பாக்கியம் அக்கா சோறு போடுவார்; கையை முகர்ந்தும் பார்ப்பார். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்கத் தொடங்கியிருந்தது. நம் ஊர் மாம்பழங்களுக்காக வாதாட முடியாத ஒரே இடம் அந்த விறாந்தை.

குஞ்சுகள் மஞ்சள் கழன்று பச்சையாயின. பழுப்புகள் தோலுரித்தும் பழுப்பாகவே இருந்தன. முதலில் பழுப்புகள் இரை மறந்து அலைந்தன, நாங்கள் போட்ட சருகுகளை மெல்லிய நூலால் கோத்து உள்ளே படுத்தன, இரண்டு நாளில் கூட்டுப்புழுவாயின. வெளிர்பழுப்பு உடம்பு, விலாவில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். ஐந்தில் இரண்டு செத்துவிட்டன. ஒரு வாரம் பிந்திப் பச்சைகளும் சருகுக்குள் போயின. இரண்டு டின்னிலும் உள்ள கூடுகளை அருகருகே வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. தம்பையா கண்ணாடி வைத்துப் பார்த்து, சேமக்காலைக் கூடு கொஞ்சம் சிறுத்திருக்கிறது என்றார். அளந்தோம். உண்மைதான், நெல்லளவு வித்தியாசம்.

பூச்சி வெளிவர இன்னும் நாலைந்து நாள் இருக்கும் என்று கணக்குப் போட்டு, இன்னும் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் நெடுந்தீவில் எந்த நிறம் என்று பார்க்கப் புறப்பட்டோம். போய்விட்டு மறுநாள் திரும்புவதாகத் திட்டம். டின்களைப் பார்த்துக்கொள்ளும்படி தம்பையா மனைவியிடம் சொன்னபோது அவர், "நான் கிட்டவும் போக மாட்டன்" என்றார்.

மோட்டார் வள்ளத்தில் போகும்போதே கடல் நன்றாக எழும்பி விழுந்தது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு அலைக்கும் என் வண்ணப் பெட்டியைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் நனைந்தேன், பெட்டி நனையவில்லை.

நெடுந்தீவில் வேலியே கிடையாது. காணிக்குக் காணி முருகைக்கல் என்ற பவளக்கல்லில் மதில். அதன் பொந்துகளில் நித்தியகல்யாணி. தங்கிய இடம் தம்பையாவின் ஒன்றுவிட்ட தம்பி வீடு. காய்ச்சாமல் கறந்தபடியே நுரையோடு பால் கொடுத்தார்கள். ராத்திரி ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் பயற்றங்காயும் போட்டுக் காய்ச்சியது. பலா இலையைக் கோலிக் குடிக்க வேண்டும். எனக்கு இலை பிரிந்து பாதி கூழ் மடியில் போயிற்று. வீட்டுக்காரம்மா கிண்ணமும் கரண்டியும் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை ஒரு மதிலின் நிழலில் அதைப் பார்த்தோம். ஒரே செடி. ஒரே கிளை. மேல் இலையில் பச்சைப் புழு, கீழ் இலையில் பழுப்புப் புழு, இரண்டும் ஒரே பருமன். தம்பையா கால் மடக்கி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு தாய்ப் பிள்ளையள் மாதிரித்தான் கிடக்கு" என்றார் கடைசியில். குரலில் தோல்வி இல்லை, ஆனால் சத்தமும் இல்லை.

"இரண்டு இனமும் ஒரே செடியில் முட்டை வைத்திருக்கலாமே ஐயா" என்றேன். அவருக்காகச் சொன்னேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அன்று வள்ளம் போகவில்லை. "சோளகம் எழும்பிட்டுது. இண்டைக்கு ஏலாது" என்றார்கள் துறையில். அடுத்த நாளும் அதே பதில். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. எனக்குக் கப்பலுக்கு ஒரு வாரமே இருந்தது. டின்களுக்குள் என்ன நடக்கிறதோ என்று தவித்தேன். தம்பையா பேசிக்கொண்டே என்னைத் தேற்றினார். முப்பது வருடமாகப் பூச்சி பார்த்துக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறாராம். யாரிடமும் காட்டியதில்லை.

"நாலு வரிக்கு ஆருமே எட்டுப் பக்கம் எழுதினதில்லை, ரீச்சர். நீங்கள்தான் எழுதினீங்கள். கோவத்தில எழுதினதெண்டாலும் எட்டுப் பக்கம்."

நான்காம் நாள் காற்று கொஞ்சம் அடங்க, புளியங்கூடலுக்குத் திரும்பினோம். பாக்கியம் அக்கா வாசலில் நின்றார்.

"உங்கட சேமக்காலை ரின் திறந்திட்டுது" என்றார்.

ஓடினோம். டின்னில் உடைந்த கூடு ஒன்று கிடந்தது. பூச்சி இல்லை.

"எங்க?" என்றார் தம்பையா.

"விட்டிட்டன்."

தம்பையா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் டின்னுக்குள் கிளறிப் பார்த்தேன். மிச்சமிருந்த இரண்டு கூடும் கறுத்து வற்றிப் போயிருந்தன. அவற்றிலிருந்து இனி எதுவும் வராது. பழுப்புப் புழுவின் ஒரே பூச்சி பறந்துவிட்டது.

பாக்கியம் அக்கா என் பக்கம் திரும்பினார். "கேளும் பிள்ளை. நேற்று விடியக் கூட்ட எழும்பினனான். ரின்னுக்குள்ள சரசரவெண்டு சத்தம். எலியெண்டு விளக்குமாத்தோட போய்த் திறந்தனான். நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி ஒண்டு. செட்டை நகத்தளவு. பாவமாக் கிடந்தது. பிறகு அது தடியில ஏறித் தொங்கிக்கொண்டு செட்டையை விரிச்சுது பாரும், சுருண்ட வெத்திலை விரியிற மாதிரி, பையப் பைய. நான் அப்பிடியே இருந்திட்டன். அண்டைக்கு உலை வைக்கேல்லை."

"நாள் முழுக்கவா பார்த்தீங்க அக்கா?"

"ஓம். அது ஆடேல்லை அசையேல்லை, நானும் அசையேல்லை. பொழுதுபடத்தான் துடிக்கத் தொடங்கினது. ரின்னில செட்டை அடிபட்டுக் கிழியப் பாத்துது. பூட்டி வைச்சுக் கிழிய விடுறதோ? கொண்டுபோய் முல்லைப் பந்தலடியில விட்டனான்."

எனக்கு அப்போதுதான் கேட்கத் தோன்றியது. "செட்டை நுனியில் வெள்ளைப் புள்ளி இருந்ததா?"

தம்பையா நிமிர்ந்தார். அவருடைய மலாயாப் பூச்சி அந்தப் புள்ளியில்தான் இருந்தது.

"நுனியில ஒண்டுமில்லை. தோளடியில வெள்ளை, அதுக்குள்ள கறுத்தப் பொட்டு. கழுத்தில சாம்பல் பட்டி. நடுவில ரோசாக் கோடு. மிச்சமெல்லாம் பச்சை, பாசி பிடிச்ச கிணத்துக்கட்டு மாதிரி."

என் பெட்டியில் இருந்த பூச்சிப் படத்தை அவர் பார்த்ததில்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் அதில் இருந்தது.

"கண்ணாடி போட்டுக்கொண்டோ பாத்தனீர்?" என்றார் தம்பையா.

"உங்கட பூதக்கண்ணாடியாலையும் பாத்தனான், அது மேசையில கிடந்தது" என்றார் அவர். "நீங்கள் முப்பது வரிசமாப் பாக்கிறியள். நான் ஒரு நாள் பாத்தனான். ஒரு நாள் முழுக்கப் பாத்தனான்."

பிறகு தம்பையா எழுந்து போய்த் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து, மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தார். "இனிச் சொல்லும், பாக்கியம். முதலிலை இருந்து. நான் எழுதிறன்."

அடுத்த நாள் நான் வரைந்தேன். பழைய படத்தைக் காட்டாமல் புதிய தாளில், அவர் சொல்லச் சொல்ல. பாக்கியம் அக்கா என் தோளோரம் கதிரை போட்டு உட்கார்ந்து, "பச்சை கூடிப்போச்சு", "அந்தக் கோடு வளையோணும்", "ரோசா காணாது" என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார். அவர்கள் தமிழில் காணாது என்றால் போதாது என்று பொருள். குசினியில் தம்பையா சோறு வடித்தார். சோறு குழைந்திருந்தது. மூவரும் சாப்பிட்டோம்.

நான் புறப்படும் நாளுக்கு முந்தின விடியலில் அலரி டின்னில் சத்தம் கேட்டது. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நனைந்த குஞ்சு தடியில் ஏறித் தொங்கியது, சிறகு விரிந்தது. பச்சைப் புழுவின் பூச்சி, பழுப்புப் புழுவின் பூச்சிக்காக வரைந்த படத்துக்குப் பக்கத்தில் நின்றது. பொட்டுக்குப் பொட்டு, பட்டிக்குப் பட்டி அதே பூச்சி. தம்பையா படத்தையும் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரே இனம். நான் பிழை, ரீச்சர்."

"நானும் பாதி பிழை" என்றேன்.

பாக்கியம் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அப்பிடித் தெரியேல்லை. நான் கண்டதுக்கு ரோசா கூட. அது இன்னும் வடிவு."

புத்தகம் சொன்ன காலத்தில் வெளிவந்தது. பழுப்புப் புழுவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். அரளி இல்லாத மண்ணில் அது நித்தியகல்யாணியில் வளர்வதையும், அங்கே இரண்டு நிறத்திலும் திரிவதையும் எழுதினேன். பூச்சிப் படத்தின் கீழே, "புளியங்கூடல் பாக்கியம் பார்த்துச் சொன்னபடி" என்று போட்டேன். இரண்டு பிரதிகள் அனுப்பினேன். தம்பையாவின் கடிதம் இம்முறை பதினோரு பக்கம் வந்தது. அதன் உள்ளே மடித்த ஒரு துண்டுத்தாளில், பழக்கமில்லாத பெரிய எழுத்தில் வேறொரு கை எழுதியிருந்தது:

"பிள்ளை, படம் வந்தது. அச்சில ரோசா காணாது."